வலப்புறம், நாற்பத்தொன்றாம் விலா

டீகால் தண்ணீரில் முப்பது விநாடி.
காகிதத்தை விட்டுவிட்டதா என்று
விரல் நுனியால் தள்ளிப் பார்க்க வேண்டும்.
நகர்ந்தால் தயார்.
'ஜவ்ஹரா' என்று ஏழு ஆங்கில எழுத்துகள்,
ஒவ்வொன்றும் எள்ளளவு.
இழுவைப் படகின் மூக்கில் வைத்து
பஞ்சால் ஒற்றி, மூச்சைப் பிடித்து,
அடியில் சிக்கிய காற்றை ஊசியால் குத்தி விடுகிறேன்.

முதலில் பெயர். அப்புறம்தான் அழுக்கு.
வரிசை மாறினால்
கிழட்டு உடம்பில் பெயர் மட்டும் துள்ளிக்கொண்டு நிற்கும்,
கசங்கிய பாஸ்போர்ட்டில்
நேற்றுக் குத்திய முத்திரை போல.

முஹரக், மூன்றாம் மாடி. ஷமால் அடிக்கிறது.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டு.
ஏசி வடிகட்டியைத் தட்டிய தூசியை
மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன்.
இதே நிறம் கடையில் மூன்று தினார்.

அறைத் தோழன் நிரோசன் மன்னார்க்காரன்.
கட்டிலில் படுத்தபடி கேட்கிறான்:
"ரெண்டு மாசமா வடிவா ஒட்டிப்போட்டு
இப்ப ஏன் அண்ணை ஊத்தையாக்கிறியள்?"

பகலில் எனக்கு இதற்கு நேர்மாறான வேலை.
ஹித்தில், உலர்துறையில்,
துருவை உரித்து இரும்பைப் பச்சைப் பிள்ளையாக்கி
மேலே மூன்று பூச்சு அடிப்பார்கள்.
காய்ந்ததும் நான் மீட்டர் வைத்து
மைக்ரான் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

அதனால் துரு எங்கே வரும் என்று தெரியும்.
புதிதாகச் செய்பவர்கள் எங்கும் அப்பிவிடுகிறார்கள்.
துரு அப்படி அலையாது.
நங்கூரச் சங்கிலி உரசும் துளை,
டயர் இடிக்கும் விளிம்பு,
தண்ணீர் வடியும் ஓட்டைக்குக் கீழே
கடைவாயில் வெற்றிலைச் சாறு வழிந்தது போல் ஒரே கோடு.

பெயரின் மேல் தெளிபூச்சு அடித்தாயிற்று.
இல்லாவிட்டால் டர்பன்டைன் எழுத்தைத் தின்றுவிடும்.
இனி செம்பழுப்பில் ஒரு புள்ளி.
நனைந்த தூரிகையால் கீழே இழு,
கீழே மட்டும்,
மழை போகிற வழியில்.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு கிள்ளு கிள்ளி
ஜவ்ஹராவின் கடைசி எழுத்தில் தொட்டுத் தொட்டு எடுக்கிறேன்.
பாதி உதிர்ந்தது. போதும்.

வலப்புறம், நாற்பத்தொன்றாம் விலா.
இங்கே தூரிகை வேண்டாம்.
ஆப்பச் சோடாவை வார்னிஷில் குழைத்து
ஊசி நுனியால் கொப்புளம் கொப்புளமாக வைக்கிறேன்.

நிஜப் படகில் அந்த ஆகஸ்ட் இரவு
இரும்பு வியர்த்தது.
பனிப்புள்ளிக்கு மேல் மூன்று டிகிரியாவது இருந்தால்தான்
அடிக்கலாம் என்பது விதி.
என் கருவியில் ஒன்றரை.
விடிந்தால் படகு இறங்கியாக வேண்டும்.
தாமோதர் சார் போனில் பேசியது ஒரே வார்த்தை: "போடு."
மூன்று என்று எழுதினேன்.
கீழே என் பெயர்,
வழக்கத்தைவிடத் தெளிவாக.

ஜவ்ஹரா இப்போது சித்ரா பக்கம்
எண்ணெய்க் கப்பல்களை இழுத்துக்கொண்டிருக்கிறது.
அந்த இடம் தாங்கியதா, உரிந்ததா, எனக்குத் தெரியாது.
அடுத்து மேலே ஏற்றுவது மார்ச்சில்.

நிரோசன் எழுந்து வந்து குனிகிறான்.
"இந்த ஒரு இடம் மட்டும் ஏன் இப்பிடி?"
"தண்ணி அங்க நிக்கும்" என்றேன்.
நம்பிவிட்டான்.
அவனுக்கு மூக்கில் இருக்கும் பெயர்தான் பிடித்திருக்கிறது,
பாதி போனாலும் வாசிக்க முடிகிறதாம்.

அவன் தூங்கிய பிறகு
டீகால் தாளின் மிச்சத்தைப் பார்த்தேன்.
ஆழக்குறி எண்கள் சில.
ஒரு ஒன்று, ஒரு புள்ளி, ஒரு ஐந்து வெட்டினேன்.
தண்ணீரில் முப்பது விநாடி.
படகைக் கவிழ்த்து
கீலுக்கு அடியில், தாங்கியில் உட்காரும் இடத்தில் ஒட்டினேன்.

அதன் மேல் மட்டும்
எதுவும் பூசவில்லை.